முழங்காலில் பிறந்த தொண்டு

கிறித்தவ வாழ்வின் இரு கண்களாகப் போற்றப்படுபவை ஜெபமும் பிறர்நலத் தொண்டும் ஆகும். ஆயினும் நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதனவாய்ப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். "ஜெபித்துக்கொண்டிருந்தால் வயிறு நிறையுமா? பள்ளியும் வேலையும் அல்லவா வேண்டும்?" என்று இளைஞர் வினவுகின்றனர். "ஜெபம் ஒன்றே போதும், மற்றவற்றைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று முதியோர் விடையிறுக்கின்றனர். இரு சாராரும் உண்மையின் ஒரு பாதியையே பற்றி நிற்கின்றனர்.

நற்செய்தி நூல்கள் காட்டும் இயேசுநாதரின் வாழ்வில் இப்பிரிவு இல்லை. கப்பர்நகூமில் ஒரு மாலைப்பொழுதில் ஊர் முழுவதும் நோயாளிகளோடு வீட்டு வாசலில் வந்து கூடிற்று. அவர்களைக் குணமாக்கிய அவர், மறுநாள் விடியுமுன்னே எழுந்து, தனியிடம் சென்று ஜெபித்தார். அங்கிருந்தே அடுத்த ஊர்களுக்குப் புறப்பட்டார். தொண்டு அவரை ஜெபத்திற்கு அனுப்பியது. ஜெபம் அவரை மீண்டும் தொண்டுக்கு அனுப்பியது.

இவ்வுண்மையைத் தம் வாழ்வாலும் துயராலும் மெய்ப்பித்துக் காட்டிய மக்களினம் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களே அவர்கள். சந்தையில் விற்கப்பட்டவர்கள், கல்வி மறுக்கப்பட்டவர்கள், ஆண்டவரின் ஆலயத்திலும் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்தம் வரலாற்றை நாம் கற்பது அயலார் கதையைக் கற்பதாகாது.

காட்டிடைக் கூடிய சபை

ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டு, அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்தி, புகையிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்த அடிமைகளுக்கு எழுத்தறிவு தடை செய்யப்பட்டிருந்தது. 1831-க்குப்பின் இத்தடைச் சட்டங்கள் பல மாநிலங்களில் மேலும் இறுகின. எசமானர் அனுமதித்த போதகர்கள் அவர்களுக்குச் சொன்ன செய்தி பெரும்பாலும் ஒன்றே: எசமானுக்குக் கீழ்ப்படி, களவு செய்யாதே.

அச்செய்தியோடு அடிமைகள் நிறைவடையவில்லை. இரவில் தோட்டத்தைக் கடந்து, அடர்ந்த புதர்களுக்கும் பள்ளங்களுக்கும் நடுவே இரகசியமாய்க் கூடி ஜெபித்தனர். ஒலி வெளியே கேளாதிருக்க இரும்புப் பானையைக் கவிழ்த்து வைத்தனர் என்று, முதுமை எய்திய முன்னாள் அடிமைகள் பலர் பிற்காலத்தில் வாக்குமூலம் அளித்துள்ளனர். அகப்பட்டால் சவுக்கடி உறுதி.

அங்கு அவர்கள் வேண்டியது யாது? தம் ஆன்மாவின் மீட்பை மட்டும் அன்று. விற்கப்பட்டுப் பிரிந்த பிள்ளைக்காக ஒரு தாய் அழுதாள். அவளோடு அனைவரும் அழுதனர். தப்பியோடியவன் பிடிபடாதிருக்க வேண்டினர். தம் பிள்ளைகளாவது விடுதலை காண வேண்டும் என்று வேண்டினர். ஒருவர் துன்பத்தை எல்லாரும் சுமக்கும் பழக்கம் அந்த ஜெபத்திலேதான் உருவாயிற்று. கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்த முதல் தொண்டு, அடுத்தவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் முறையிட்டதே ஆகும்.

முழங்காலிலிருந்து இழுக்கப்பட்டவர்

வட மாநிலமாகிய பென்சில்வேனியாவின் பிலடெல்பியா நகரில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், அடிமைத்தளையிலிருந்து மீண்ட இருவர் வாழ்ந்தனர். ஒருவர் அப்சலோம் ஜோன்ஸ் (பிறப்பு 1746). மற்றவர் ரிச்சர்டு ஆலன் (பிறப்பு 1760). ஜோன்ஸ் சிறுவனாய் இருந்தபோது பிறர் கொடுத்த செப்புக் காசுகளைச் சேர்த்து, எழுத்துக் கற்கும் புத்தகமும் புதிய ஏற்பாடும் வாங்கியவர். பின்னர் இரவுப் பள்ளியில் பயின்றார். பகலெல்லாம் எசமானுக்கும், இரவில் தமக்கும் உழைத்துப் பணம் சேர்த்தபோது, முதலில் தம் மனைவியின் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார். தாய் விடுதலை பெற்றால்தான் பிறக்கும் பிள்ளைகள் சட்டப்படி விடுதலை உடையவர்களாவர் என்பதே காரணம். தம் விடுதலையை அவர் பெற்றது 1784-இல்.

இவ்விருவரும் 1787-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் சங்கம்' என்ற அமைப்பை நிறுவினர். உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் ஒரு வெள்ளி ஷில்லிங் செலுத்த வேண்டும். அப்பணம் நோயுற்றோர்க்கும், விதவைகளுக்கும், இறந்த உறுப்பினரின் பிள்ளைகள் கல்விக்கும் செலவாயிற்று. நம் ஊர்களில் தாய்மார்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென எடுத்து வைக்கும் பழக்கத்தை அறிந்த நமக்கு, அந்த ஷில்லிங்கின் மதிப்பு எளிதில் விளங்கும்.

அந்நாளில் இவர்கள் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்டு ஆலயத்தில் வழிபட்டு வந்தனர். ஆலயத்தை விரிவாக்கி மாடம் கட்டியபோது கறுப்பின உறுப்பினரும் பணமும் உழைப்பும் தந்தனர். ஆயினும் ஒரு ஞாயிறன்று, அவர்கள் அமர்ந்த இடம் அவர்களுக்குரியதன்று எனச் சொல்லப்பட்டது. இந்நிகழ்ச்சி 1787-இல் நடந்ததென்பது மரபு. மாடம் கட்டப்பட்ட காலத்தைக் கொண்டு 1792-ஐ ஒட்டியதென்பர் பிற்கால ஆய்வாளர் பலர். நடந்ததை ஆலன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். சபை முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தது. சலசலப்புக் கேட்டு ஆலன் தலை நிமிர்ந்தார். ஆலய நிர்வாகி ஒருவர் ஜோன்ஸைப் பற்றித் தூக்கி, அங்கே முழங்காலிடக் கூடாது என்று இழுத்தார். ஜெபம் முடியும்வரை பொறுக்குமாறு ஜோன்ஸ் வேண்டினார். நிர்வாகி பொறுக்கவில்லை, துணைக்கு மற்றொருவரை அழைத்தார். அதற்குள் ஜெபம் முடிந்தது. கறுப்பின மக்கள் அனைவரும் ஒருசேர எழுந்து ஆலயத்தை விட்டு வெளியேறினர்.

ஆலயத்துள்ளே தனியிருக்கை, ஊர்ப்புறத்தே தனிக் கல்லறை என்னும் இழிவுகளை நம் நாட்டுத் திருச்சபைகளிலும் நம் முன்னோர் கண்டனர். ஆதலின் அந்தச் சிறு கூட்டம் வாசலைக் கடந்து நடந்ததன் பொருளை நமக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கொள்ளைநோய்க் காலத்துக் கைகள்

வெளியேறியவர்கள் வெறுப்பில் உறைந்து நின்றிருக்கலாம். வரலாறு வேறு காட்சியைக் காட்டுகின்றது. 1793-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவிற்று. சுமார் 50,000 பேர் வாழ்ந்த நகரில் நவம்பருக்குள் ஏறக்குறைய 5,000 பேர் மாண்டனர். அந்நாளில் நாட்டின் தலைநகரமும் அதுவே. குடியரசுத் தலைவர் வாஷிங்டன் நகரை விட்டு நீங்கினார். வசதி படைத்தோர் ஓடினர். கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் கைவிட்ட கொடுமையும் நேர்ந்தது. இந்நோய் கொசுவால் பரவுவது என்பது 1900-இல்தான் உறுதிப்பட்டது. அன்று எவர்க்கும் காரணம் தெரியாது. அச்சம் மட்டுமே தெரிந்தது.

கறுப்பின மக்களை இந்நோய் தாக்காது என்று தவறாக நம்பிய மருத்துவர் பெஞ்சமின் ரஷ், அவர்தம் உதவியை நாடினார். ஆலனும் ஜோன்ஸும் தம் மக்களைக் கூட்டிக் கலந்தனர். எரியும் சூளையின் நடுவிலும் காக்கவல்ல இறைவன் மேல் நம்பிக்கை வைத்துப் புறப்பட மனத்தில் துணிவு பெற்றதாக அவர்களே பின்னர் எழுதினர். தானியேல் நூலில் வரும் மூன்று வாலிபரின் சூளையே அது. முதல் நாள் அவர்கள் நுழைந்த வீட்டில் மனைவி இறந்து கிடந்தாள், கணவன் இறந்துகொண்டிருந்தான், ஆதரவற்ற இரு குழந்தைகள் மட்டுமே அருகிருந்தனர். அன்று மட்டும் இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களை அவர்கள் சென்று கண்டனர். பின்னர்ப் பிணங்களை அடக்கம் செய்தனர். செவிலியரை ஏற்பாடு செய்தனர். மருத்துவர் கற்பித்தபடி சிகிச்சையும் செய்தனர். நோய் நிறம் பார்க்கவில்லை; கறுப்பின மக்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நோய் தணிந்தபின் கிடைத்த கைம்மாறு யாது? மாத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினச் செவிலியர் மிகுதியாகக் கூலி பறித்தனர் என்றும், சிலர் களவாடினர் என்றும் எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் 1794-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டு, வரவு செலவுக் கணக்கோடு மறுமொழி தந்தனர். தம் கைப்பணத்தை இழந்ததையன்றி ஈட்டியது இல்லை என்று அக்கணக்குக் காட்டிற்று. நகரத் தலைவரும் அவர்தம் தொண்டுக்குச் சான்று வழங்கினார்.

இங்கு ஒன்று கருதத்தக்கது. அன்பு செய்தோம் என்பதற்காக அவதூறைப் பேசாது ஏற்றுக்கொள்வது கிறித்தவக் கடமை என்று அவர்கள் எண்ணவில்லை. பகைவர்க்கும் தொண்டு செய்தனர், பொய்யையும் மறுத்தனர். ஜெபம் அவர்களைப் பணிவுள்ளவர்களாக்கியதேயன்றிக் கோழைகளாக்கவில்லை.

அதே 1794-இல் ஜோன்ஸ் செயின்ட் தாமஸ் ஆப்பிரிக்க ஆலயத்தையும், ஆலன் பெத்தேல் ஆலயத்தையும் திறந்தனர். 1816-இல் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் திருச்சபை உருவாயிற்று; ஆலன் அதன் முதற் பேராயர் ஆனார். 1856-இல் தொடங்கப்பெற்ற வில்பர்போர்ஸ் பல்கலைக்கழகத்தை 1863-இல் தன் உடைமையாக்கிக்கொண்டது இத்திருச்சபையே. ஜெபிக்க இடம் மறுக்கப்பட்டவர்கள் ஏழாண்டுப் பேச்சோடு நில்லாமல், எழுபது ஆண்டுகளில் உயர்கல்வி நிலையம் ஒன்றையே உடையவர்களாயினர்.

மாண்ட்கோமரியின் நடை

அத்திருச்சபையின் மகள் ஒருத்தியை உலகம் நன்கறியும். அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் தையல் தொழில் செய்த ரோசா பார்க்ஸ் அம்மையார், அங்குள்ள செயின்ட் பால் ஆப்பிரிக்க மெதடிஸ்டு ஆலயத்தின் உறுப்பினர். 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்து இடம்தர மறுத்துக் கைதானார். அன்றிரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருளச்சிட்டார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர்.

அன்று மாலை ஹோல்ட் தெரு பாப்டிஸ்டு ஆலயத்தில் மாபெரும் கூட்டம். புதிதாய்த் தலைமை ஏற்ற போதகர் மார்ட்டின் லூதர் கிங்கிற்கு வயது 26. உரை ஆயத்தம் செய்ய அவருக்குக் கிடைத்தவை சுமார் இருபது நிமிடங்களே. கலக்கமுற்ற அவர், அந்நேரத்தில் ஜெபத்தையே நாடியதாகத் தம் நூலில் குறித்துள்ளார்.

அதுமுதல் வாரந்தோறும் ஆலயங்களில் மாறி மாறிக் கூட்டங்கள் நடந்தன. மாலைக் கூட்டத்திற்குப் பிற்பகலிலேயே மக்கள் வந்து இடம் பிடித்தனர். பாட்டு, ஜெபம், வேதவாசிப்பு. அதன்பின்னரே போராட்டச் செய்திகளும் நிதியறிக்கையும். ஜெபமும் கணக்கும் ஒரே மேடையில் நிகழ்ந்தன. சுமார் 300 கார்கள் மக்களை ஏற்றிச் செல்ல ஒழுங்கு செய்யப்பட்டன. ஆலயங்களின் பெயரால் வாங்கிய பெரிய வண்டிகளை 'உருளும் ஆலயங்கள்' என்று மக்கள் அன்போடு அழைத்தனர். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்கார அம்மையார் தோழியரைச் சேர்த்து, கோழிக்கறியும் பணியாரங்களும் விற்று, அப்பணத்தைக் கூட்டந்தோறும் கொணர்ந்து கொடுத்தார். வண்டி இல்லாதோர் நடந்தனர். முதியவளாகிய பொல்லார்ட் அம்மையார், கால்கள் சோர்ந்தபோதும் உள்ளம் இளைப்பாறியது என்னும் பொருள்படச் சொன்ன மறுமொழி, அப்போராட்டத்தின் பொன்மொழியாக நிலைத்துவிட்டது.

நள்ளிரவும் அடுக்களையும்

1956 சனவரி 27 நள்ளிரவில் கிங்கின் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஊரை விட்டுப் போகாவிடில் உயிர் போகும் என்று ஒரு குரல் மிரட்டிற்று. முந்தின நாள்தான் அவர் சிறு காரணங்காட்டிச் சிறைப்படுத்தப்பட்டிருந்தார். உறக்கம் வராது அடுக்களையில் காப்பி சூடேற்றி அமர்ந்தார். கோழை என்ற பெயரில்லாமல் இத்தலைமையிலிருந்து எவ்வாறு விலகுவது என்பதே அப்போது அவர் எண்ணமாயிருந்தது. மேசைமேல் தலை கவிழ்ந்து வாய்விட்டு ஜெபித்தார்: தம் பலம் தீர்ந்துவிட்டது, தனியே நிற்க இயலாது என்று ஒப்புவித்தார். நீதிக்காக எழுந்து நில், நான் உன்னோடிருப்பேன் என்னும் உட்குரலை அப்போது கேட்டதாக அவரே எழுதியுள்ளார்.

மூன்று நாள் கழித்து, சனவரி 30 இரவு, அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டின் முன்புறம் வெடிகுண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். சினங்கொண்ட மக்கள், சிலர் ஆயுதங்களோடும், வீட்டைச் சூழ்ந்தனர். இடிந்த முகப்பில் நின்ற கிங், ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டு போங்கள். பகைவரையும் நேசிக்க வேண்டும் என்று அமைதிப்படுத்தினார். அந்த இரவில் ஒரு சொல் தவறியிருந்தால் நகரம் இரத்தத்தில் நனைந்திருக்கும். மூன்று நாள் முன்னர் அடுக்களையில் நடந்த ஜெபம் அவருக்கு அமைதி தந்தது. அவ்வமைதி ஒரு நகரத்திற்கே காவலாயிற்று. ஜெபம் தொண்டின் அடிப்படை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

381 நாள்கள் கடந்தன. பேருந்துகளில் இன ஒதுக்கல் சட்டத்திற்கு மாறானது என்ற தீர்ப்பை 1956 நவம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. டிசம்பர் 21 முதல் அனைவரும் ஒன்றாய்ப் பயணம் செய்யலாயினர். அதற்கு முன்னரே ஆலயங்களில் நாற்காலிகளைப் பேருந்து இருக்கைபோல் வரிசையிட்டு, வசைமொழி கேட்டாலும் கைநீட்டாதிருக்கப் பயிற்சி அளிக்கப்பட்டது. மக்களுக்கு வழங்கிய அறிவுரைத் தாளில், பேருந்தில் ஏறும்போதே வழிநடத்துதல் வேண்டி ஜெபியுங்கள் என்ற குறிப்பும் இருந்தது. வென்றவர்கள் செருக்குறாமல் இருக்கவும் ஜெபம் வேண்டியிருந்தது.

எத்தகைய ஜெபம்?

இவ்விடத்தில் நேர்மையான வினா ஒன்று எழும். ஜோன்ஸை இழுத்த நிர்வாகியும் ஜெபக் கூட்டத்தில்தானே இருந்தார்? கறுப்பினத்தாரைப் பேருந்தின் பின்னே ஒதுக்கியோரும் ஞாயிறுதோறும் ஆலயம் சென்றோர் அல்லரோ? உண்மை. ஆகவே ஜெபம் என்ற பெயர் மட்டும் போதாது. அயலானின் அழுகை நுழையாத ஜெபம், தன்னையே போற்றும் பேச்சாகிவிடும். ஆலயத்தில் பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபித்த உவமையில் இயேசுநாதர் காட்டியதும் இதுவே.

மறுபுறம், வேலைக்கு மாற்றாக ஜெபத்தை வைப்பதும் பிழை. 1963-இல் வெளிவந்த தம் அருளுரைத் தொகுப்பில் கிங் இதனைத் தெளிவாக உரைத்துள்ளார். ஜெபம் நம் குறைந்த முயற்சிக்கு வேண்டிய துணை. அறிவுக்கும் உழைப்புக்கும் அதனை மாற்றாக்குவது ஆபத்து என்பது அவர் கருத்து. மாண்ட்கோமரி மக்கள் ஜெபித்தார்கள், நடந்தும் சென்றார்கள், வழக்கும் தொடுத்தார்கள். இவற்றுள் ஒன்று குறைந்திருந்தாலும் வெற்றி எட்டியிராது.

நமக்கு வந்த செய்தி

1959-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் கிங் இந்தியாவில் பயணம் செய்தார். குமரிமுனை வரை வந்தார். திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதோர் எனப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் பயின்ற ஒரு பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டப்படாதவர் என்று மாணவருக்கு அறிமுகம் செய்தார். முதலில் தமக்கு அதிர்ச்சியும் வருத்தமும் தோன்றியதாகவும், பின்னர்த் தம் நாட்டில் வறுமையிலும் ஒதுக்கலிலும் வாடும் இரண்டு கோடி மக்களை எண்ணியபோது, ஆம், நானும் தீண்டப்படாதவனே என்று உணர்ந்ததாகவும் 1965 சூலை 4-இல் ஆற்றிய அருளுரையில் அவர் கூறினார். நம் பிள்ளைகள் அமர்ந்திருந்த வகுப்பறையில் அவர் தம் உறவினரைக் கண்டார்.

சமூகத்து இளைஞர்களே! கல்வி நமக்கு வேலையைத் தரும். நகரத்தில் வீட்டையும் தரும். ஆனால் படித்து உயர்ந்தபின், தான் பிறந்த தெருவைத் திரும்பிப் பார்க்கும் உள்ளத்தைக் கல்வி மட்டும் தந்துவிடாது. அதனைத் தருவது எது? தன் வீட்டாரோடு தன் தெருவாரின் பெயரையும் நாள்தோறும் ஆண்டவர் முன் சொல்லிப் பழகிய நாவேயாகும். பள்ளியை விட்டு நின்ற சிறுமியின் பெயரைக் காலையில் ஜெபத்தில் சொன்னவன், மாலையில் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போக இயலாது.

ஜெபம் என்ற சொல்லை ஏற்காத நம் உறவினரும் தத்தம் உள்ளத்து அமைதியில் இதே கடமையைக் காணலாம். கிறித்தவர்களாகிய நமக்கோ விலக வழியில்லை. தொண்டில் ஏற்படும் சோர்வும், செய்ந்நன்றி கொல்வார் தரும் கசப்பும், புகழில் பிறக்கும் செருக்கும் நம் கைகளைக் கட்டாதிருக்க, நாள்தோறும் முழங்காலிடுவோம். முழங்காலிட்ட இடத்திலேயே தங்கிவிடாமல் எழுந்து, அயலான் வீட்டு வாசலுக்கு நடப்போம். அவ்விரண்டும் சேர்ந்ததே கிறித்தவ வாழ்வு.